மூன்று நாற்பது

பத்து யூரோவுக்குள் வயிறு நிறைய வேண்டும்,
அப்படி ஓர் இடம், வாரத்துக்கு ஒன்று,
நூற்றைம்பது சொல்லுக்குள்.
டோர்ட்முண்ட் வடக்கில்
தபால் பெட்டிகளில் திணித்துவிட்டுப் போகும் இலவசத் தாளில்
அதுதான் என் பத்தி.
நரம்பில்லாத நாக்கு. சம்பளமும் இல்லாத நாக்கு.

போர்த்துக்கீசியர் கடையில் சுட்ட மத்தி: ருசி, முள், மறுபடியும் முள்.
சிரியாக்காரரின் ஃபலாஃபெல்: சூடு உண்டு, நாற்காலி இல்லை.
கொத்துரொட்டி போடும் மயூரன் அண்ணையைப் பற்றி
இன்றுவரை எழுதவில்லை.
எழுதினால் காசு வாங்கமாட்டார்,
பிறகு நான் எங்கே போய்ச் சாப்பிடுவது?

துறைமுகத் தெருமுனையில் 'ஹாஃபன்எக்'.
ஐந்து ஸ்டூல், தனக்குத்தானே சிமிட்டும் சூதாட்டப் பெட்டி,
உப்புநீர்ச் சாடியில் மிதக்கும் முட்டைகள்.
எந்த ஆண்டு போட்டவை என்று யாரும் கேட்பதில்லை.
நான் எழுதினேன்:
'உருளைக்கிழங்கு சாலட் யார்மீதோ கோபத்தில் இருக்கிறது.
முட்டை, பள்ளிக்கூட ஆய்வகம்.
கழிவறைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போகவும்.
பியர் நன்று. விலை மூன்று நாற்பது.'

அடுத்த மாதம் துணிந்து உள்ளே போனேன்.
துணிவெல்லாம் இல்லை, மழை.
கழிவறைக் கதவில் என் பத்தி
சட்டம் போட்டுத் தொங்கியது.
சாலட்டை ஒன்றும் செய்யவில்லை. முட்டையை ஒன்றும் செய்யவில்லை.
விலையைச் சுற்றி மட்டும்
சிவப்பில் ஒரு வட்டம்.

ரோஸ்விதா துணியைத் தோளில் எறிந்தாள்.
"சாலட் புளிப்புத்தான். என் கை அப்படி.
ஆனால் பியர் இரண்டு நாற்பது.
இரண்டு.
உன் தாளைப் பார்த்து ஆறு பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள்."

அன்றிலிருந்து எனக்கு மட்டும் மூன்று நாற்பது.
எல்லோருக்கும் போல எனக்கும்
குவளைக்கடியில் வைத்த அட்டையில் பென்சில் கோடு கிழிப்பாள்,
ஆனால் என் கோடு சற்று நீளம்.
பழைய உருக்காலை ஹார்ட்முட் அதைப் பார்த்துச் சிரிப்பான்,
இருமல் வரும்வரை.
சுவரில் சேமிப்புச் சங்கத்தின் இரும்புப் பெட்டி,
எண் போட்ட சின்னச் சின்னத் துளைகள்.
பதினேழுக்கு உரிமையாளர் இல்லை.
என் அபராதம் அதற்குள் விழும் சத்தம்
எனக்குப் பழகிப்போயிற்று. பிடித்தும் போயிற்று.

பிறகு மின்சாரக்காரன் கடிதம் போட்டான்,
மதுவாலைக்காரன் கடிதம் போட்டான்.
அவள் இருபது இருபது சென்ட்டாக ஏறினாள்,
வயதானவர்கள் படியேறுவதுபோல்
ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடியைப் பிடித்து.
என் அபராதம் எண்பது சென்ட் ஆனது. அறுபது. இருபது.
போன செவ்வாய்
கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள்: 3,40.

கழிவறைக் கதவில் சட்டம் இல்லை.
அது இருந்த இடம் மட்டும்
புகை படாமல் வெளுத்துக் கிடந்தது.
"உன் தாள் இப்போது சரி," என்றாள், என்னைப் பார்க்காமல்.
பிழை திருந்தியதற்கு
இவ்வளவு வருத்தப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் சாவியை எடுத்துப் பதினேழைத் திறந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ. இரண்டு தடவை எண்ணினாள்.
பலகையில் எழுதியதைப் புறங்கையால் அழித்தாள்.
"இது தீரும்வரை எல்லோருக்கும் இரண்டு நாற்பது."
யாரும் கைதட்டவில்லை, இந்த ஊரில் அப்படி வழக்கமில்லை.
ஹார்ட்முட் குவளையை ஓர் அங்குலம் முன்னே தள்ளினான்,
அவ்வளவுதான்.

எழும்போது என் அட்டையைக் கொடுத்தேன். மூன்று கோடு.
ஏழு இருபது, சில்லறையாகவே வைத்தேன்.
விரல்களால் எண்ணிப் பார்த்தவள்
கையை நீட்டியபடியே நின்றாள்.
"உனக்கு மூன்று நாற்பது. அச்சில் இருக்கிறது."

இன்னும் மூன்று யூரோ கொடுத்தேன்.
பதினேழில் விழுந்தது:
இன்னும் மூன்று பேருக்குப் பழைய விலை.